கோர்ஸில் சேரவா, வேலையில் பழகவா? பாடாங் செராய்ப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்பவை

எங்கள் ஊர் பாடாங் செராய். கெடாவில், கூலிமுக்குப் பக்கம். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரக் காடு. இப்போது பெரும்பாலும் செம்பனையும் தாமான்கள் என்கிற வீடமைப்புப் பகுதிகளும். 2007-இல் நான் மென்பொருள் வேலைக்குப் போனேன். எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து அப்படி ஒரு வேலைக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வரும் மாதங்களில் ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். கோயிலில் கேட்பார்கள், ஒட்டுக்கடையில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டே கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பி எனக்கு அலுத்துவிட்டது. இனிமேல் இதை அனுப்பிவிடுவதாக உத்தேசம். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"தங்கச்சி, பையன் எஸ்.பி.எம். முடிச்சிட்டான். கம்ப்யூட்டர் படிப்புல போடவா, இல்ல ஏதாவது கம்பெனியில சேர்ந்து பழகிக்கட்டுமா?"

அண்ணே, நீங்கள் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் பழகியதை நினைத்துப் பாருங்கள். எங்கள் அம்மாவுக்குக் கத்தியைக் கொடுத்தவுடன் நல்ல நிரையில், அதாவது பால் தரும் மரவரிசையில், இறக்கிவிடவில்லை. மறுநடவுக்காகச் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களில்தான் முதலில் பழக விட்டார்கள். அதில் காயம் பட்டால் யாருக்கும் நட்டமில்லை. நல்ல மரத்தில் கத்தி ஆழமாக இறங்கினால் கதை வேறு. அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடம் கழித்து அதே பக்கம் மறுபடி வெட்ட வரும்போது கத்தி ஓடாது, பாலும் ஒழுங்காக இறங்காது. இன்றைக்குச் செய்த தப்பு அன்றைக்குத்தான் தெரியும்.

கோர்ஸ் என்பது அந்தக் கிழட்டு மரம். வேலை என்பது நிரை. பழைய மரத்திலேயே நின்றவர்கள் யாரும் வெட்டுக்காரர் ஆனதில்லை. பழகாமலே நிரைக்குப் போனவர்கள் மரத்தைக் கெடுத்தார்கள். ஆனால் அம்மா சொல்வது இரண்டையும் பற்றியல்ல, மண்டோர் என்கிற மேற்பார்வையாளரைப் பற்றி. அவர் வெட்டு முடிந்த பிறகு ஒவ்வொரு மரமாகப் பார்த்து, "இங்க காயம், இங்க பட்டை வீணாப் போயிருக்கு" என்று விரல் வைத்துக் காட்டுவாராம். அந்த ஆள் இருந்ததால்தான் கை திருந்தியது என்பார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இன்னொரு கேள்விதான். பையன் எழுதுகிற நிரலை அங்கே யார் வாசித்துப் பார்த்துத் தப்புச் சொல்லப்போகிறார்? கோர்ஸில் அப்படி ஓர் ஆசிரியர் இருந்தால் கோர்ஸ். கம்பெனியில் அப்படி ஒரு மூத்தவர் இருந்தால் கம்பெனி. இரண்டு இடத்திலும் இல்லையென்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற, காசு குறைவான படிப்பில் போடுங்கள். கையில் ஒரு டிப்ளோமாவாவது மிஞ்சும்.

"சர்ட்டிபிகேட் இல்லாம யாருக்கா வேலை கொடுப்பாங்க?"

கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விளம்பரத்தில் "மென்பொருள் பொறியாளர்" என்று இருக்காது.

கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள், கணக்கு மென்பொருள் எல்லாம் விற்று, நிறுவிக் கொடுத்து, கெட்டுப்போனால் வந்து பார்க்கும் சின்னக் கம்பெனிகள் புக்கிட் மெர்தாஜாம், பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி பக்கமெல்லாம் உண்டு. எஸ்.கியூ.எல். அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற நம் நாட்டு மென்பொருள்களின் பின்னால் அப்படி ஒரு பட்டாளமே பிழைக்கிறது. அதோடு வருமான வரி வாரியம் மின்விலைப்பட்டியலைக் கட்டாயமாக்கியது. 2024 ஆகஸ்டில் ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய கம்பெனிகளில் தொடங்கி, 2025-இல் அதற்குக் கீழே, அதற்கும் கீழே என்று படிப்படியாக இறங்கி வந்தது. இதுவரை கையால் பில் எழுதிய முதலாளிகளுக்கும் திடீரென்று ஆள் வேண்டியிருந்தது. மலாய் நன்றாகப் பேசத் தெரிந்து, கோபத்தில் இருக்கும் கடைக்காரரிடம் பொறுமையாகப் பேசக்கூடிய பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்கும். முதல் வருடம் முழுக்க போன் எடுப்பதும் பிரிண்டர் சரிபண்ணுவதும்தான் வேலையாக இருக்கும். அங்கிருந்து நிரல் எழுதும் மேசைக்கு வழி உண்டு. ஆனால் யாரும் கூட்டிப்போகமாட்டார்கள், நாமாகத்தான் நடக்க வேண்டும்.

தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, மின்சுற்றுப் பலகை சோதிக்கும் இயந்திரத்தின் நிரலைத் திருத்தத் திருத்த அதிலேயே கைதேர்ந்தவர்களும் எனக்குத் தெரியும்.

பாயான் லெப்பாஸ், சைபர்ஜெயா பெரிய கம்பெனிகளை நம்பி சர்ட்டிபிகேட் இல்லாமல் காத்திருக்காதீர்கள். விண்ணப்பப் படிவத்திலேயே டிப்ளோமாவா, பட்டமா என்று கேட்டு வடிகட்டிவிடுவார்கள். பல வருட அனுபவத்தோடு பிறகு நுழைகிறவர்கள் உண்டு. பதினெட்டு வயதில் அந்தக் கதவு திறப்பது அபூர்வம்.

"வேலையில மட்டும் கத்துக்கிட்டது எது? கோர்ஸ்ல வராததுன்னு ஒண்ணு சொல்லுங்க."

ஐந்து சென்.

2008 ஏப்ரல் 1 முதல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒரு சென் நாணயம் வெளியிடுவது நின்றது. ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத்தை அருகிலிருக்கும் ஐந்து சென்னுக்கு மாற்ற வேண்டும். 1, 2 என்று முடிந்தால் கீழே, 3, 4 என்றால் ஐந்துக்கு, 6, 7 என்றாலும் ஐந்துக்கு, 8, 9 என்றால் பத்துக்கு. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மளிகைக் கடைகளுக்கு நாங்கள் போட்டுக்கொடுத்த பில் மென்பொருளில் இந்தக் கணக்கைச் சேர்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பத்து வரிதான். எழுதினேன், சோதித்தேன், சரியாக வந்தது, அனுப்பிவிட்டோம்.

இரண்டு நாளில் ஒரு கடையிலிருந்து போன். ஒரு பாட்டி பில்லை வைத்துக்கொண்டு கல்லாவை விட்டு நகரமாட்டேன் என்கிறாராம். அவர் வாங்கியது மூன்று சாமான், ஒவ்வொன்றும் 1 வெள்ளி 98 சென். மொத்தம் 5.94, மாற்றினால் 5.95. எங்கள் பில்லில் 6.00 என்று இருந்தது. நான் மொத்தத்தை மாற்றுவதற்குப் பதிலாக ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக 2 வெள்ளியாக மாற்றிவிட்டிருந்தேன். பாட்டிக்கு ஐந்து சென் நட்டம். அவர் தோட்டத்தில் வேலை செய்தவராக இருக்க வேண்டும். பால் எடை போடும்போது கிராணி என்ற எழுத்தரின் கணக்கைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண் அது.

எங்கள் அலுவலக மூத்தவர், சீனர், திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் நிரலில் ஒரு வரியைக் காட்டி, "இது ஒரு பில்லுக்கு எத்தனை தடவை ஓடும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "எதை வைத்துச் சோதித்தாய்?" என்றார். ஒரே ஒரு சாமான் உள்ள பில்லை வைத்துச் சோதித்திருந்தேன். ஒரு சாமான் என்றால் இரண்டு முறையிலும் ஒரே விடைதான் வரும். தப்பு தெரியவே வாய்ப்பில்லை.

அந்தக் கால் மணி நேரத்தில் நான் கற்றதை மூன்று வருட டிப்ளோமாவில் யாரும் சொல்லித்தரவில்லை. கார்டில் கட்டினால் இந்த மாற்றமே கிடையாது என்பதையும் அன்றைக்கு அவர்தான் சொன்னார். அதையும் நான் விட்டிருந்தேன்.

"அப்ப கோர்ஸே வேணாம்தானே?"

வேகமாக முடிவுக்குப் போகாதீர்கள். என்னோடு ஒருவர் எஸ்.பி.எம். முடித்து நேரே வேலைக்கு வந்திருந்தார். என்னைவிட வேகம், கடைக்காரர்களுக்கு அவரைத்தான் பிடிக்கும். ஒரு மொத்த வியாபாரியின் மாதாந்தர அறிக்கை திறக்க நாற்பது நிமிடம் எடுத்தது. "ராத்திரி ஓட விட்டுட்டு வீட்டுக்குப் போங்க பாஸ், காலையில வந்து பாத்துக்கலாம்" என்று அவர் சொல்லிவைத்தார், அதுவும் இரண்டு வருடம். அந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தகவல் எங்கே என்று காட்டும் இண்டெக்ஸ் போட்டிருக்கவில்லை. இண்டெக்ஸ் இல்லாமல் ஒரு பெயரைத் தேடுவது, வீட்டு எண் தெரியாமல் தாமான் முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவதைப் போல. ஒரே ஒரு கட்டளை போட்டதும் அறிக்கை சில நொடியில் திறந்தது.

அவர் கெட்டிக்காரர்தான். இண்டெக்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாதபோது யாரிடம் போய் என்னவென்று கேட்பார்? வேலை என்பது அன்றைய பிரச்சனைக்கு வேண்டியதை மட்டும்தான் கற்றுத்தரும். தரவுத்தளம் எப்படித் தேடுகிறது, நெட்வொர்க்கில் ஒரு செய்தி எப்படிப் போகிறது, ஒரு நிரல் ஏன் நினைவகத்தைத் தின்கிறது என்பதையெல்லாம் உட்கார்ந்து வரிசையாகப் படித்தால்தான் உண்டு. இது கல்லூரியில்தான் நடக்க வேண்டும் என்றில்லை. ஹார்வர்டின் சி.எஸ்.50 பாடம் இணையத்தில் இலவசம். ஸ்கிராட்ச்சில் தொடங்கி சி, பைத்தான், எஸ்.கியூ.எல். என்று போகும். சி வரும் வாரத்திலேயே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஓடாமல் இருந்தால் நல்லது.

"நம்ம பக்கத்துல எங்க படிக்கலாம்? கோலாலம்பூருக்கு அனுப்ப வசதி இல்ல."

நம் பக்கம் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த பக்கம். 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்ததிலிருந்து அதைச் சுற்றிப் பயிற்சி நிலையங்களும் வந்துவிட்டன. கூலிமிலேயே பொலிடெக்னிக் துவாங்கு சுல்தானா பாஹியாவும் அட்டெக் என்கிற உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையமும் இருக்கின்றன. புக்கிட் மின்யாக்கில் ஜே.எம்.டி.ஐ. என்கிற ஜப்பான்-மலேசியத் தொழில்நுட்பக் கழகம், கெப்பாலா பத்தாஸில் ஐ.எல்.பி. என்று அழைத்துவந்த தொழிற்பயிற்சி நிலையம், பாயான் லெப்பாஸில் 1989-இலிருந்து நடக்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம். பொலிடெக்னிக்குக்கு யூ.பி.யூ. என்கிற அரசு உயர்கல்வி விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். படிப்புக் கட்டணம் பருவத்துக்கு 200 வெள்ளி அளவுதான். அட்டெக், ஜே.எம்.டி.ஐ., ஐ.எல்.பி. மூன்றும் மனிதவள அமைச்சின் கீழ் வருபவை. அவற்றுக்குத் தனி விண்ணப்பம்.

ஒரு எச்சரிக்கை. "கம்ப்யூட்டர் கோர்ஸ்" என்ற பெயரில் மூன்று வேறு வேறு படிப்புகள் இருக்கின்றன. ஒன்று கணினியைப் பிரித்துப் பூட்டி, நெட்வொர்க் இழுக்கும் படிப்பு. இன்னொன்று மின்னணுவியல். மூன்றாவதுதான் மென்பொருள் எழுதும் படிப்பு. பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, இரண்டாம் பருவத்தில் "அக்கா, நாங்க இன்னும் கேபிள்தான் கிரிம்ப் பண்றோம்" என்று என்னிடம் வந்து நின்ற பிள்ளைகள் உண்டு. பாடத்திட்டத்தை வாங்கி, ஒரு மொழியிலாவது முழுமையாக நிரல் எழுதும் பாடம் எத்தனை பருவம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்த நிலையத்தில் எந்தப் பாடம் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். போய்க் கேட்பதுதான் சரி.

தனியார் கல்லூரி என்றால் அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., தருகிற நிலையம் என்றால் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பி.டி.பி.டி.என்., பி.டி.பி.கே. என்கிற கல்வி நிதிகள் இரண்டிலும் வருவது கடன். திருப்பிக் கட்ட வேண்டிய காசு என்பதைக் கையெழுத்துப் போடும் அன்றைக்கே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

"மூணு மாசத்துல புரோகிராமர் ஆக்கிடுவோம்னு ஒரு விளம்பரம் வந்துச்சு. பல ஆயிரம் வெள்ளி."

மூன்று மாதத்தில் கத்தி பிடிக்க வரும். அதற்கு அந்த விலை கொடுக்கலாமா என்பது உங்கள் பையின் கனத்தைப் பொறுத்தது. ஏற்கனவே பட்டம் வாங்கி, வேறு துறையில் இருந்து தாவுகிறவர்களுக்கு இத்தகைய வகுப்பு உதவியதைப் பார்த்திருக்கிறேன். எஸ்.பி.எம். மட்டும் முடித்த பிள்ளைக்கு உதவியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

காசு கட்டுவதற்கு முன் கடைசி வகுப்பில் படித்து முடித்த மூன்று பேரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். விளம்பரத்தில் சிரிப்பவர்களின் எண் வேண்டாம், வகுப்பில் நடுவில் இருந்தவர்களின் எண் வேண்டும். தர மறுத்தால் தே தாரிக்கைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கட்டணமே இல்லாத இன்னொரு வகை உண்டு. பாரிஸில் 2013-இல் தொடங்கிய 42 என்ற பள்ளிக்கு, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் பண்டார் சன்வேயில் ஒரு கிளை இருக்கிறது. ஆசிரியர் கிடையாது, வகுப்பு கிடையாது. பிள்ளைகள் ஒருவர் நிரலை ஒருவர் வாசித்து மதிப்பிடுவார்கள். நுழைவுக்கு முன் ஏறக்குறைய நான்கு வாரம் தொடர்ந்து போட்டுப் பிழிவார்கள். அதற்கு பிரெஞ்சில் நீச்சல்குளம் என்று பெயர், தள்ளிவிட்டு நீந்தச் சொல்வதால். நான் சொன்ன அந்த மண்டோர் வேலையைப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் செய்கிறார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு. அங்கே தங்குகிற செலவு மட்டும் உங்கள் பாடு.

"படிப்பும் வேலையும் சேர்ந்து ஒரே நேரத்துல கிடைக்காதா?"

கிடைக்கும். எஸ்.எல்.டி.என். என்று பெயர், 2005-இலிருந்து நடக்கும் இரட்டைப் பயிற்சி முறை. நேரத்தில் எழுபது முதல் எண்பது விழுக்காடு கம்பெனியில், மீதி பயிற்சி நிலையத்தில். கம்பெனி மாதப்படி கொடுக்கும், முடிவில் திறன் சான்றிதழ் கிடைக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிவிடலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால் மென்பொருளில் பழகுநரை எடுக்க முன்வரும் கம்பெனியைக் கண்டுபிடிப்பது. இயந்திரம், வாகனம் மாதிரித் துறைகளில் எளிதாகக் கிடைப்பதுபோல் இதில் கிடைப்பதில்லை. கிடைத்தால் விடாதீர்கள்.

"சும்மா ட்ரெய்னிங் கொடுக்கிறோம், ஆனா ரெண்டு வருஷம் பாண்ட்னு சொல்றாங்க. கையெழுத்து போடலாமா?"

முழுதாக வாசித்த பிறகு போடலாம். நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், மாதம் ஆக ஆக அந்தத் தொகை குறையுமா, கம்பெனியே வேலையை விட்டு அனுப்பினாலும் கட்ட வேண்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 75-இன்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருப்பதாலேயே அது முழுவதும் கிடைத்துவிடாது. அந்தத் தொகைக்குள் நியாயமான இழப்பீடுதான். "விலகினால் இந்தத் துறையில் வேறெங்கும் வேலை செய்யக்கூடாது" என்று எழுதியிருந்தால், தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 28. அதற்காகப் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் பாண்டும் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வேறு விஷயம், கட்ட நேரிடலாம். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள், காசு கேட்கமாட்டார்கள்.

அசல் எஸ்.பி.எம். சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நகல் போதும். அப்பாவோ மாமாவோ ஜாமீன் கையெழுத்துப் போடுவதானால், கட்ட வேண்டி வந்தால் வீட்டில் எதை விற்போம் என்று யோசித்துவிட்டுப் போடட்டும்.

"பக்கத்து வீட்டுப் பையன் ஃபேக்டரியில ஓ.டி. செஞ்சு நல்லா சம்பாதிக்கிறான். இவன் கம்ப்யூட்டர்னு உக்காந்திருக்கான்."

இந்தக் கேள்விக்கு மற்றவர்கள் மழுப்புவார்கள், நான் மழுப்ப விரும்பவில்லை. முதல் ஓரிரு வருடம் ஃபேக்டரிப் பையன்தான் அதிகம் கொண்டுவருவான். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சின்ன மென்பொருள் கம்பெனியில் அனுபவமில்லாத பிள்ளைக்கு அதற்குக் கொஞ்சம் மேலேதான் தொடங்கும். அதில் சேமநிதிக்கு 11 விழுக்காடு, பிறகு சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புச் சந்தா. 1,700 வாங்கினால் கைக்கு வருவது சுமார் 1,500. மோட்டார் எண்ணெய், சாப்பாடு போக என்ன மிஞ்சும்? பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஓ.டி.யோடு நிற்கிற பையன் இதைத் தாண்டிவிடுவான்.

வீட்டில் அப்பா படுத்துவிட்டார், தங்கை படிக்கிறாள், அந்தக் காசு இன்றைக்கே வேண்டும் என்றால் ஃபேக்டரிக்குப் போகச் சொல்வதில் தப்பில்லை. எங்கள் வீட்டிலும் என் தம்பி அப்படித்தான் போனான், நான் படித்தேன். இதை எழுதும்போது அவன் பெயரையும் என் டிப்ளோமாவில் போட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவசரம் இல்லையென்றால் ஐந்து வருடம் கழித்து இருவரும் எங்கே நிற்பார்கள் என்று பாருங்கள். ஓ.டி. சம்பளம் உடம்பு நிற்கிற வரைக்கும். நிரல் எழுதுகிறவன் கம்பெனி மாறும்போதெல்லாம் சம்பளம் ஏறும், அதுவும் அவன் உண்மையிலேயே கற்றிருந்தால்தான்.

"தமிழ்ப்பள்ளியில படிச்ச பிள்ளை. இங்கிலீஷ் தடுமாறும்."

நானும் தமிழ்ப்பள்ளிதான். நிரல் மொழியில் இருக்கிற ஆங்கிலச் சொற்கள் மிகவும் குறைவு. கஷ்டம் அதில் இல்லை. பிழைச்செய்தியை வாசிப்பதிலும், "எனக்கு இது புரியவில்லை" என்று கூட்டத்தில் சொல்வதிலும் இருக்கிறது. முதலாவது பழக்கத்தில் வந்துவிடும். இரண்டாவது ஆங்கிலப் பிரச்சனையே இல்லை, கூச்சம். மலாயில் சொல்லலாம், யாரும் கடிக்கமாட்டார்கள்.

"பொம்பளப் பிள்ளை, பினாங்குக்குத் தனியா அனுப்பப் பயமா இருக்கு."

முதல் இரண்டு வருடம் கூலிமிலேயே படிக்கலாம், அதற்குள் பிள்ளைக்கும் உங்களுக்கும் பயம் தெளிந்துவிடும். வேலைக்குப் பினாங்கு போக வேண்டியிருந்தாலும் விரைவுச்சாலையும் பாலமும் இருக்கின்றன. நம் ஊரிலிருந்து தினமும் போய்வருகிற பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருவரிடம் உங்கள் மகளைப் பேசவிடுங்கள். என்னிடம் கேட்பதைவிட அது மேல்.

"இப்பத்தான் ஏ.ஐ.யே எல்லாத்தையும் எழுதுதே அக்கா, இனி எங்களுக்கு என்ன வேலை?"

போன மாதம் அந்த ஐந்து சென் கணக்கை ஓர் ஏ.ஐ.யிடம் எழுதச் சொன்னேன், சும்மா பார்ப்பதற்கு. அரை நிமிடத்தில் அழகாக எழுதிவிட்டது. மொத்தத்தைத்தான் மாற்றியது, அந்த வயதில் நான் செய்த தப்பை அது செய்யவில்லை. ஆனால் ரொக்கமா, கார்டா என்று அது கேட்கவே இல்லை, எல்லாருக்கும் மாற்றிவிட்டது. அதைக் கவனிக்க எனக்கு ஒரு நொடி போதும், 2008-இல் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதால்.

பயம் நியாயமானதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு முன்பு கொடுத்த சின்னச் சின்ன வேலைகளை இப்போது மூத்தவர்கள் ஏ.ஐ.யிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் இப்போது கோர்ஸ் பக்கம் என் மனம் முன்பைவிடக் கொஞ்சம் சாய்கிறது. எழுதத் தெரிந்தவர்களைவிட, எழுதியதை வாசித்து எங்கே உதைக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். அடிப்படை தெரியாமல் அது வராது. பழகும் காலத்தில் ஏ.ஐ.யை எழுதச் சொல்லாமல் விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதை அதனிடம் கொடுத்து, "இதில் எங்கே காயம்?" என்று கேளுங்கள். சில சமயம் இல்லாத காயத்தையும் காட்டும், அப்போது அதனோடு சண்டை போடுங்கள். அதுவும் பயிற்சிதான்.

"எனக்கு முப்பத்தஞ்சு வயசு, டெக்னீஷியன். எல்லாம் வேலையில கத்துக்கிட்டது. இனி கோர்ஸுக்குப் போகணுமா?"

வகுப்பில் உட்காராமலே சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. பி.பி.டி. என்று சொல்வார்கள். முன்பே பெற்ற திறனை அங்கீகரிக்கும் முறை. நீங்கள் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் சரிபார்த்து எஸ்.கே.எம். கிடைக்க ஏற்பாடு உண்டு. இன்றிலிருந்தே செய்த வேலைகளைத் தேதியோடு எழுதிவைக்கத் தொடங்குங்கள். பெரும்பாலோர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம், பத்து மலேசியத் தொழிலாளர்களும் அதற்கு மேலும் இருக்கும் முதலாளிகள், அந்தத் தொழிலாளர்களின் சம்பளத்தில் ஒரு விழுக்காடு அளவை எச்.ஆர்.டி. கோர்ப் என்கிற மனிதவள மேம்பாட்டு அமைப்புக்கு லெவி என்னும் வரியாகக் கட்டுகிறார்கள். அந்தக் காசு உங்களைப் போன்றவர்களின் பயிற்சிக்குத்தான். மனிதவளப் பிரிவில் போய், "லெவி பாக்கி இருக்கிறதா, இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்காமல் அவர்களாகக் கூப்பிட்டதை நான் பார்த்ததில்லை.

"இண்டர்வியூவுல நாங்க என்ன கேட்கலாம்?"

சம்பளம், ஓ.டி., வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் போகுமா என்பதெல்லாம் கேளுங்கள். அதற்குப் பிறகு இரண்டு கேள்வி. "நான் எழுதும் நிரலை வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன் யார் வாசிப்பார்?" ஒரு பெயர் சொன்னால் நல்லது, "அதெல்லாம் எதுக்கு, நீயே பார்த்துக்குவே" என்று பாராட்டுவதுபோல் சொன்னால் சிரித்துவிட்டு மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, "எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே?" இதற்கு முகம் மாறும். முகத்தைப் பாருங்கள், பதிலை விடுங்கள்.

"நீங்க மறுபடி பதினெட்டு வயசுல இருந்தா எந்தப் பக்கம் போவீங்க?"

மறுபடி பொலிடெக்னிக். மறுபடி அதே சின்னக் கம்பெனி. ஆனால் நாலு வருடம் இருந்திருக்கமாட்டேன். அந்தச் சீனர் வேறு வேலை கிடைத்துப் போனது என் இரண்டாவது வருடத்தில். அதற்குப் பிறகு நான் எழுதியதை யாரும் வாசிக்கவில்லை. நல்ல சம்பளம், வீட்டுக்குப் பக்கம், மோட்டாரில் இருபத்தைந்து நிமிடம் என்று நானும் இருந்துவிட்டேன். அவர் போன அதே மாதம் நானும் விண்ணப்பம் எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.